சூலக் கல்லைக் காப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் ரப்பர் தோட்டத்துச் செம்மண் சாலை திரும்பும் இடத்தில், சூலம் செதுக்கிய முழங்கால் உயரச் சூலக் கல் ஒன்று நிற்கிறது. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகும்போது பாட்டி தினமும் கும்பிட்ட கல். இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் படம் எடுங்கள், பக்கத்தில் அடிஸ்கேல் வைத்து. நடுப்பகலில் எழுத்து தெரியாது. இருட்டியபின் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அப்படித்தான் சூலத்துக்குக் கீழே தேய்ந்துபோன 'மு' எனக்குத் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது.

அப்புறம் கழுவுவது. வெறும் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும். கம்பி பிரஷ், பிளீச், ஆசிட், பெயின்ட் வேண்டவே வேண்டாம். கும்பிட ஏற்றும் விளக்கை ஒரு முழம் தள்ளி வையுங்கள். சிமெண்ட் பூசாதீர்கள், ஈரம் உள்ளே சிக்கிக் கல் செதில் செதிலாக உதிரும். எங்கள் கல்லின் இடது ஓரம் அப்படித்தான் போனது.

இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் இடைக்கால வழியோரக் கல் சிலுவைகள் சிலவற்றைப் பிடுங்கி, வேலிக் கதவுத் தூணாக நட்டிருக்கிறார்கள்.

தோட்டம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்தால், உடனே படத்தோடு மாவட்ட அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள். 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். முத்திரை போட்ட நகலை வாங்காமல் வராதீர்கள்.