தோப்புல போடுற பெஞ்சுக்கு கழுந்து சுத்தமா வெட்டுறது எப்படி

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புக்குள்ள நல்ல மர பெஞ்சு போடணும்னு நெனைக்கறவங்களுக்கு மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மாமரத்தையே அறுத்து செய்யாதீங்க, வெயில்லயும் மழையிலயும் கெடந்தா பூச்சி விழுந்து உளுத்துடும். தேக்கு, வேங்கை, கருமருது மாதிரி வைரம் பாஞ்ச, நல்லா காஞ்ச கட்டையா எடுங்க, ஓரத்துல வெளுப்பா இருக்கிற பாகத்தை ஒதுக்கிடுங்க.

வெளியில கெடக்கிற சாமானுக்கு எமனே ஜாயிண்ட்டுல தேங்குற தண்ணிதான். கழுந்துன்னா குறுக்குக் கட்டை நுனியை மெல்லிசா செதுக்கி கால் கட்டை துளைக்குள்ள சொருகற பாகம், அது ஆரம்பிக்கிற எடத்துல நிக்கிற படிதான் தோள். அந்த தோள் கால் கட்டையில ஒட்டி உக்காரலைன்னா அந்த சந்துல மழைத்தண்ணி எறங்கி உள்ளயே நின்னு அழுக ஆரம்பிக்கும், வெளிய பாலிஷ் எவ்ளோ அடிச்சாலும் பிரயோஜனமில்ல.

கழுந்து கனம் கட்டையில மூணுல ஒரு பங்கு. 36 மில்லி கட்டைக்கு 12 மில்லி, உளியும் 12 மில்லியா இருந்தா வேலை சுலபம். துளையை மொதல்ல அடிங்க, அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி கழுந்தை இழைச்சு சேருங்க, மாத்தி செஞ்சா தொல்லைதான். ட்ரில்லுல சக்கையை எடுத்துட்டு கொட்டாப்புளியால உளியைத் தட்டி ஓரத்தை நேராக்குங்க, ஆழம் கழுந்தை விட 2 மில்லி கூட இருக்கட்டும்.

தோள் கோடுதான் முக்கியம், இதுல அவசரமே ஆகாது. பென்சில் வேணாம், மூலைமட்டம் (சரியா 90 டிகிரி காட்டற கருவி) வெச்சு கத்தியால நாலு பக்கமும் கீறுங்க. கழிக்கிற பக்கத்துல இருந்து உளியை சாய்ச்சு லேசா ஒரு சீவு சீவினா கோட்டை ஒட்டி சின்ன பள்ளம் விழும், ரம்பம் அதுலயே உக்காந்து ஓடும், மேல நார் கிழியாது. வைரம் பாஞ்ச மரத்துக்கு உளி முனை 30 டிகிரி இருக்கணும், மழுங்கின உளி நாரை வெட்டாது, நசுக்கும்.

ஆணி, ஸ்க்ரூ வேணாங்க, மரமுளை போடுங்க. காலுல முளைக்குன்னு 8 மில்லி துளை போட்டு, கழுந்தை உள்ள விட்டு அதே எடத்தை குறிச்சுக்கிட்டு வெளிய எடுங்க, கழுந்துல துளையை தோள் பக்கமா ஒரு மில்லி தள்ளிப் போடுங்க. முனை கூரா சீவின முளையை அடிச்சா தோள் தானா இழுத்துட்டு வந்து ஒட்டிக்கும். பசை போடறதா இருந்தா தண்ணி தாங்குற மரைன் வகை மட்டும்தான்.

கால் அடிப்பக்கத்துக்கு எண்ணெய் ஊற ஊற விட்டு, நம்ம ஊர்ல கெடைக்கிற கிரானைட் துண்டு மேல நிறுத்துங்க, மண்ணுல நேரா வெக்காதீங்க.