ஹீற்றர் பற்றவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

ஒன்ராறியோவின் வடக்கே ஹேர்ஸ்ட்டைத் தாண்டினால் லோங்லாக் வரைக்கும் 200 கிலோமீற்றருக்கு மேல் வெறும் காடுதான். ஜனவரியில் பனிப்புயலுக்காக 11ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டால், எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான், ட்ரக்கிலேயே படுக்கை. படுக்கைக்குக் கீழே இருக்கிற டீசல் ஹீற்றர் அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணினால் இரவு முழுக்க எஞ்சினை ஓடவிட வேண்டியதுதான். மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் போய்விடும். ஹீற்றரோ முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்குக் கால் லீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே.

ரொறொன்ரோவிலிருந்து வினிபெக்குக்கு ட்ரக் ஓடுகிற தம்பிமார் பலர், ஹீற்றர் நின்றதுமே குளோ பின் (சூடேறி டீசலைப் பற்றவைக்கிற சின்னக் கம்பி) வாங்க ஓடுகிறார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் ட்ரக்கில் ஏறி உட்கார்ந்து, ரேடியோவை நிறுத்திவிட்டு, ஹீற்றரைப் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கே கோளாறு என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். நான் சொல்வது எஸ்பார் எயர்ட்ரோனிக் டி2 மாதிரிக்கு. வெபாஸ்டோ என்கிற மற்றக் கம்பனி ஹீற்றரும் ஏறத்தாழ இப்படித்தான் பற்றும். கோளாறு வந்தால் ஹீற்றர் காட்டுகிற பிழை எண்கள் மட்டும் வேறு.

நல்ல ஹீற்றர் என்றால் முதலில் விசிறி மெதுவாகச் சுழலும். ஒரு நிமிடம் போல வேறு சத்தம் இருக்காது. குளோ பின் சூடாகிக்கொண்டிருக்கும். அப்புறம் ட்ரக்கின் அடியிலிருந்து டிக், டிக் என்று டீசல் பம்ப் அடிக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் 'புஸ்' என்று நெருப்புப் பிடித்து, விசிறி வேகம் எடுக்கும். இந்த வரிசை எங்கே அறுகிறது என்று பாருங்கள்.

விசிறி சுழன்று உடனே நின்றுவிட்டால், அல்லது பிழை எண் 11 வந்தால், பற்றரியைப் பாருங்கள். குளோ பின் சூடாகும்போது 8, 10 அம்பியர் இழுக்கும். குளிரில் கிடந்த பற்றரிக்கு அது பெரிய சுமை. மீற்றரைப் பற்றரியில் வைத்து 12.6 வோல்ற் காட்டுகிறதே என்று திருப்திப்பட வேண்டாம். ஹீற்றர் தொடங்குகிற அந்த நிமிடத்தில், ஹீற்றரின் பிளக்கிலேயே வைத்துப் பாருங்கள். 10.5 வோல்ற் பக்கம் இறங்கினால் அது தானாகவே நின்றுவிடும். இடையில் பச்சை பூத்த முனையோ, துருப்பிடித்த எர்த் வயரோ இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு இறுக்குங்கள், காசு செலவில்லை.

பம்ப் அடிக்கிறது, நெருப்புப் பிடிக்கவில்லை, இரண்டாவது தடவை முயன்றுவிட்டு எண் 52 காட்டுகிறது என்றால் கீழே இறங்கிப் புகைக்குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றத்தான் இல்லை: குளோ பின், அல்லது அதைச் சுற்றியிருக்கிற சல்லடை கரி பிடித்திருக்கிறது. புகையே இல்லாவிட்டால் டீசல் வரவில்லை. முதலில் தாங்கியைப் பாருங்கள். ஹீற்றரின் உறிஞ்சு குழாய் தாங்கியின் அடிவரை போகாது. கடைசி டீசலையும் ஹீற்றர் குடித்துவிட்டு உங்களை வழியில் விடக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே கால் தாங்கிக்குக் கீழே போகவிடாதீர்கள்.

இன்னொன்று, குளிரில் டீசலுக்குள் கட்டுகிற மெழுகு. ஜோர்ஜியாவிலோ ரெக்சாஸிலோ நிரப்பிய டீசலோடு வடக்கே வந்தால், எஞ்சின் ஓடும், ஹீற்றர் ஓடாது. எஞ்சினிலிருந்து திரும்புகிற டீசல் தாங்கியைக் கொஞ்சம் சூடாக வைத்திருக்கும். ஹீற்றரின் குழாயோ ஈர்க்கு மாதிரி மெல்லியது, பம்பின் வாயில் சின்ன வடிகட்டி வேறு. அங்கேதான் முதலில் உறையும். தெற்கிலேயே, டீசல் சூடாக இருக்கும்போதே உறைதடுப்பு மருந்தை ஊற்றுங்கள். மெழுகு கட்டின பிறகு அதை ஊற்றிப் பிரயோசனம் இல்லை.

டீசல் குழாயில் காற்றுக் குமிழி ஓடுகிறதா என்றும் பாருங்கள். இணைப்பு ரப்பருக்குள் இரண்டு குழாய் முனைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் அங்கே குமிழி தங்கி, நெருப்பை அணைத்துவிடும். பம்பையும் படுக்கையாகப் பூட்டக்கூடாது; டீசல் வெளியேறும் பக்கம் சற்று உயர்ந்து, சாய்வாக இருக்க வேண்டும்.

எண் 12 என்றால் அளவுக்கு மீறிய சூடு. பத்தில் ஒன்பது தடவை காற்று உள்ளே போகிற வாயை உங்கள் போர்வையோ சப்பாத்தோ அடைத்திருக்கும்.

கரிதான் இந்த ஹீற்றருக்கு மெய்யான எதிரி. இரவெல்லாம் மிகக் குறைந்த சூட்டில் எரிய விட்டால் டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். கிழமைக்கு ஒருதடவையாவது ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். சல்லடையைக் கழுவிப் போடாதீர்கள், புதிது போடுங்கள். அது இருக்கிற குழியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யாமல் புதுச் சல்லடை போட்டால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். ஹீற்றரைக் கழற்றினால் கேஸ்கெட்டும் புதிது.

புகைக்குழாய் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. வெடிப்பு இருந்தால் காபன் மொனொக்சைட் தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். குழாயின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிவதற்கு இருக்கிற சின்ன ஓட்டையைப் பழுது என்று நினைத்து அடைக்காதீர்கள். வெளிவாயைப் பனி மூடாமல் பாருங்கள். படுக்கைப் பக்கம் ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். டீசல் நிரப்பப் போகும்போது ஹீற்றரை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

அணைப்பதென்றால் சுவிட்சில்தான். அணைத்த பிறகும் சில நிமிடம் விசிறி ஓடும், உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளும். அதற்குள் பற்றரி மெயின் சுவிட்சை இழுத்தால் உள்ளே எல்லாம் வெந்துவிடும். கோடையிலும் மாதம் ஒருதடவை பத்து நிமிடம் போட்டு எடுங்கள். பம்ப் இறுகாது, குழாயில் பழைய டீசலும் தேங்காது.