சரக்கொன்றை விதையை முளைக்க வைப்பது எப்படி, எப்போது

சரக்கொன்றை விதையை நெற்றிலிருந்து எடுத்து அப்படியே ஊன்றினால் ஒன்றிரண்டு முளைக்கும், மற்றவை மாதக்கணக்கில் கல்லுப்போலக் கிடக்கும். செத்துவிட்டதென்று பையைக் கொட்டிவிடாதீர்கள். தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை, அதுதான் காரணம். இமயமலை உச்சிச் செடிகள் பலவற்றின் விதைக்குக் குளிர்காலம் கழிந்தால்தான் உறக்கம் கலையும். கொன்றைக்குக் குளிர் தேவையில்லை, தோலில் ஒரு வழி திறந்தால் போதும். கோடையில் தப்பிப் பெய்யும் ஒரு மழைக்கே எல்லா விதையும் முளைத்துக் கருகிவிடாமல் காட்டில் இந்தத் தோல்தான் காக்கிறது.

முதலில் நாளைக் குறியுங்கள். திருநெல்வேலிச் சீமையில் கன்று பிழைப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில். அப்போது 4 மாதக் கன்று கையில் இருக்க, ஆனியில் விதைக்க வேண்டும்.

நெற்று மாசி, பங்குனி வாக்கில் கறுத்து, ஆட்டினால் கலகலக்கும். உடைத்து, கறுப்புச் சதையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் விதை பிரியும். சிறு ஓட்டை விழுந்தது வண்டு தின்றது. மிதப்பது பெரும்பாலும் பொக்கு. இரண்டையும் கழித்து, நிழலில் உலர்த்தி வையுங்கள்.

விதைக்கும் சமயத்தில் எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில் 24 மணி நேரம் போடுங்கள். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். உப்பியவற்றுக்கு உறக்கமில்லை, அவற்றை உடனே விதைக்கலாம். வெந்நீர் பட்டால் அவைதான் முதலில் வெந்துபோகும். உப்பாதவற்றுக்கு மட்டும் வைத்தியம்.

விதை கொஞ்சமென்றால் நகவெட்டி போதும். நெற்றோடு ஒட்டியிருந்த முனைப்பக்கம்தான் முளைவேர் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். எதிர்முனையில், பழுப்புத் தோலுக்கடியில் வெளிர்நிறம் தெரியுமளவு மட்டும் நறுக்குங்கள். உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. விதை நிறைய இருந்தால், ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, கொதிப்பு அடங்கியதும் விதையைப் போட்டு இரவு முழுக்க ஆறவிடுங்கள். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் கரு செத்துவிடும். காலையில் உப்பாதவற்றை நகவெட்டியால் நறுக்கி மறுபடி ஊறவையுங்கள். தோலை இளக்க அமிலத்தில் ஊறவைப்பதும் நல்ல பலன் தரும்தான், ஆனால் வீட்டில் வேண்டாம்.

செம்மண் 2, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1 என்று கலந்த பையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் தெளியுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளை வெளிவரும். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி, ஆடி மேல்காற்று பை மண்ணை மதியத்துக்குள் உலர்த்திவிடும்; மேற்கே தென்னந்தட்டியால் மறைப்புக் கட்டுங்கள். சாரல் விழும் தென்காசிப் பக்கத்தில் இதற்கு நேர்மாறு: ஈரம் மிஞ்சி, நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாயும். அங்கே மணலைக் கூட்டி, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

இதே முறையை வேப்பமுத்துக்குச் செய்துவிடாதீர்கள். அதற்கு உறக்கமே கிடையாது. வைத்திருந்தால் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். பழம் உதிர்ந்ததும் சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள்.