துணி இறக்கையைப் பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஹேங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) வேலை பழக வந்த இரண்டு பேர், பைப்பர் ஜே-3 கப் என்ற, துணி போர்த்திய சின்ன விமானத்தின் இறக்கையில் பெரிய கிழிசலை வெட்டியெடுத்துப் புதுத் துணி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய விதம் கச்சிதம். அப்புறம் இஸ்திரிப் பெட்டியின் டயலை மட்டும் பார்த்துவிட்டு அதைத் துணியில் வைக்கப் போனார்கள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே காரியம்.

டயலை நம்புவது

இன்று இந்த வகை விமானங்களுக்குப் பெரும்பாலும் பாலியஸ்டர் துணிதான். சூடு பட்டால் சுருங்கி விறைக்கும்: 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய 5 சதவீதம், 350-இல் ஏறக்குறைய 10 சதவீதம். அந்த 350-தான் எல்லை. மேலே போனால் துணி இளகித் தொய்யும், பிறகு என்ன செய்தாலும் விறைக்காது.

அன்று என் டயல் 350 என்றது. விரலால் சுண்டினேன். தவில் மாதிரி 'டண்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்'பென்றது. சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினேன். ரிப்புகளுக்கு (துணியைத் தாங்கும் உள்சட்டங்களுக்கு) நடுவே துணி தூளி போலத் தொங்கிவிட்டது. இறக்கையின் அடிப்பக்கம் முழுவதையும் உரித்துப் போட்டோம். துணி, பசை, மூன்று வார உழைப்பு எல்லாம் போச்சு. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது, ஏனென்றால் ஒரு தெர்மாமீட்டர் இருந்திருந்தால் போதும்.

இஸ்திரிப் பெட்டியின் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அடித்தட்டில் வெப்பம் கடத்தும் பசை தடவி தெர்மாமீட்டரை வையுங்கள். சூடு நிலைக்கும்வரை பொறுத்திருந்து, 250, 300, 350 எங்கே வருகிறது என்று டயலில் மார்க்கரால் கோடு போடுங்கள். முதலில் முழுப் பரப்பையும் 250-இல் ஒரு சுற்று, அப்புறம்தான் மேலே. ஹீட் கன் கூடவே கூடாது, அதன் சூட்டை அளந்து கட்டுப்படுத்த வழியில்லை.

அந்த இருவரின் பெட்டியையும் அளந்தோம். டயல் 350, தெர்மாமீட்டர் 385.

ஓட்டையை மட்டும் பார்ப்பது

துணி கிழியும் அளவுக்கு ஏதோ இடித்திருக்கிறது. டார்ச் அடித்து, கையை உள்ளே விட்டு ரிப்பைத் தடவிப் பாருங்கள்.

இற்றுப்போன துணியில் ஒட்டுப்போடுவது

அந்த விமானத்துக்கு முதலில் குறித்த துணியின் புதுப் பலத்தில் 70 சதவீதமாவது மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டு வேண்டாம், முழுத் துணியையும் மாற்றுங்கள்.

ஒரு கம்பெனி பசை, இன்னொரு கம்பெனி பூச்சு

வேண்டவே வேண்டாம். விமானத்தில் பயன்படுத்தத் தரும் அனுமதி, துணி, பசை, பூச்சு எல்லாம் அடங்கிய முழு முறைக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளிப் பூச்சில் கஞ்சத்தனம்

பாலியஸ்டருக்கு வெயில்தான் எமன். புற ஊதாக் கதிரைத் தடுப்பது அலுமினியத் தூள் கலந்த அந்த அடுக்கு. இறக்கைக்குள் 60 வாட் பல்பை எரியவிட்டு ஹேங்கரை இருட்டாக்குங்கள். துணி வழியே வெளிச்சம் கசிந்தால் இன்னொரு கை அடியுங்கள்.