ஆர்எக்ஸ் 100-ஆ, 135-ஆ? கையெழுத்துப் போடும் முன் ஹெட்டைத் திறங்க

பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் வாங்கப் போகிறவர்களுக்கு இது. யமஹா ஆர்எக்ஸ் 100 இங்கே 1985 முதல் 1996 வரை வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், 4 கியர். பின்னால் வந்த 135 உண்மையில் 132 சிசி. அதன் 5 கியர் மாடலுக்கு 14 குதிரைத்திறன். அஞ்செட்டி மலைப்பாதையில் இரண்டு பேர் ஏற வேண்டுமென்றால் 5 கியர்தான் வண்டி. துடைத்து வைத்து அழகு பார்க்க 100. இதில் சண்டை போட ஒன்றுமில்லை. 100 என்று சொல்லி, உள்ளே 135-இன் சிலிண்டர் பிளாக்கை உட்கார வைத்து விற்கிறார்களே, அங்கேதான் பணம் போகிறது.

இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 50 மி.மீ.தான். ஆகவே பிளக் ஓட்டையில் கம்பி விட்டு அளந்தால் குட்டு வெளிப்படாது. சிலிண்டரின் மூடியான ஹெட்டின் 4 நட்டையும் கழற்றி, வெர்னியர் அளவுகோலால் போரை, அதாவது சிலிண்டரின் உள் விட்டத்தை அளங்க. 100 என்றால் 50 மி.மீ., 135 என்றால் 58. தேய்ந்த சிலிண்டரைக் கடையும் ஒவ்வொரு போரிங்கிற்கும் கால் மி.மீ. கூடும், 50.50 வந்தால் இரண்டு முறை போர் அடித்த பிளாக், ஓட்டலாம். 51-ஐத் தொட்டிருந்தால் வேறு பிளாக் தேடும் செலவையும் விலையில் கழித்துக்கொள்ளுங்க. மூடும்போது ஹெட் கேஸ்கெட் புதிது. திறக்கவே விடமாட்டேன் என்கிறவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

அடுத்தது என்ஜினுக்கு ஆயில் ஊட்டும் ஆயில் பம்ப். பல வண்டிகளில் அதைப் பிடுங்கிவிட்டு, லிட்டர் பெட்ரோலுக்கு 20 முதல் 25 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலை டேங்கிலேயே கலக்கிறார்கள். சமதரையில் பிழைத்துக்கொள்ளும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிக் கியரிலேயே இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் மட்டும் உள்ளே போகாது. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் இல்லை. பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்வது இப்படித்தான். பம்ப் இருந்தால் என்ஜின் சுற்றும் வரை கொஞ்சமாவது ஆயில் போகும். கலந்து ஓட்டுகிறவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலரேட்டரை ஒரு திருகு திருகிவிடுங்க.

வண்டி சூடானபின் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகம்) தானாக ஏறி, இறங்க மறுத்தால், மின்சாரம் தரும் மேக்னெட் பக்கத்தில் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஆயில் சீல் காற்றை இழுக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல், கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்க சீல். முதலாவதை அப்படியே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் போகும். சீல் விலை அற்பம். கிளட்ச் பக்கத்துக்கு என்ஜினையே இறக்க நேர்ந்தால் கூலிதான் வலிக்கும்.

ஓசூர் பக்கம் கர்நாடக நம்பர் வண்டி நிறைய வரும். என்.ஓ.சி. (அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீங்க; இங்கே சாலை வரி தனி. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யை (பதிவுச் சான்று) 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தேதியைப் பாருங்க. கிருஷ்ணகிரி வண்டியின் பழைய ஆர்.சி. புக்கில் தருமபுரி மாவட்டம் என்றிருந்தால் பதறவேண்டாம், 2004-ல்தான் மாவட்டம் பிரிந்தது. ஹேண்டில்பார் கழுத்தில் குத்திய சேஸ் நம்பரில் அரம் போட்ட தடம் இருந்தால் மட்டும் விலை பேசவே வேண்டாம்.