பிளாஸ்டிக் கவர்களைச் சேகரிப்பு மையத்தில் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் சேரும் பிளாஸ்டிக் கவர்களைத் தூக்கி எறியாமல் சேகரிப்பு மையத்தில் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் கவர்களைச் சேர்த்துக் கொடுக்கும் பையில் சேரக் கூடாத இரண்டு மூன்று பொருள்கள் கலந்துவிட்டால், சுத்தமாக இருந்த மற்ற கவர்களும் சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போய்விடலாம்.

பலரும் செய்யும் தவறு, பாட்டிலும் அட்டையும் போடுகிற மறுசுழற்சித் தொட்டியிலேயே கவர்களையும் போடுவது. தரம் பிரிக்கும் ஆலையில் வரிசையாகச் சுழலும் வட்டத் தட்டுகள் இருக்கும். சீப்பில் முடி சிக்குவதுபோல, மெல்லிய கவர்கள் அந்தத் தட்டுகளின் அச்சில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். ஆபத்தான வேலை அது. கவர்களுக்கென்று தனிச் சேகரிப்பு வைத்திருப்பதற்கு இது முக்கியக் காரணம். பாட்டில்களைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுத் தொட்டியில் தள்ளுவதும் இதே தவறுதான்.

அடுத்தது ஈரம். கழுவியாயிற்று, சரி, காய்ந்ததா என்று பாருங்கள். கவரின் அடிமூலைகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கொடியில் மாட்டினால்தான் முழுதாகக் காயும். ஈரத்தோடு கட்டி வைத்த கவர்களில் பூஞ்சை பிடித்து நாற்றமெடுக்கும். மறுசுழற்சிக்காக உருக்கும்போது மிச்ச ஈரம் ஆவியாகிக் குமிழிகள் விடும். அதில் வரும் பிளாஸ்டிக் மணிகளின், அதாவது புதுப் பொருள் செய்வதற்கான சிறு உருண்டைகளின், தரம் கெடும். ரொட்டிக் கவருக்குக் கழுவலே வேண்டாம், துகள்களை உதறினால் போதும். எண்ணெய் ஊறிப் பிசுபிசுப்பு போகாத கவரைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

மெல்லியதாக இருப்பதெல்லாம் ஒரே பிளாஸ்டிக் இல்லை. கவரைக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டுகொடுத்தால் பெரும்பாலும் பாலித்தீன். இதைத்தான் பெரும்பாலான சேகரிப்புத் திட்டங்கள் கேட்கின்றன. சரசரவென்று சத்தம் போட்டு, உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட் வேறு வகை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்கிற பாக்கெட்டுகளும் உண்டு. பாலித்தீன் ஏறக்குறைய 105 முதல் 135 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சில பாக்கெட்டுகளில் ஓர் அடுக்காக இருக்கும், தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்குக்கு 250 டிகிரி வேண்டும். ஒன்றாக உருக்கினால் அது உருகாமல் துண்டு துண்டாக நின்று வடிகட்டியை அடைக்கும். தண்ணீர்க் குழாய் செய்கிற பிவிசி பிளாஸ்டிக் கலந்தால் இன்னும் மோசம். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவந்து இயந்திரத்தையே அரிக்கும். உணவைச் சுற்றிவைக்கும் மெல்லிய, ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள்களில் சில பிவிசியில் செய்தவை. மக்கும் பை என்று அச்சிட்ட பைகளையும் இதில் சேர்க்காதீர்கள்.

முக்கோண அம்புக்குறியைப் பார்த்தவுடன் மறுசுழற்சிக்கு ஆகும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் துறை கொண்டுவந்த, அம்புக்குறிக்குள் இருக்கும் எண், பொருள் எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. கவர்களில் 2, 4 இரண்டும் பாலித்தீன் வகைகள். அதை வாங்கிக்கொள்வார்களா என்பதை உங்கள் மையத்தின் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூரியர் கவரில் ஒட்டிய காகித முகவரியை வெட்டி எடுத்துவிடுங்கள். ஜிப் கவரின் கெட்டியான இழுவைத் துண்டையும் அப்படியே. உள்ளே ரசீது கிடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

கொடுத்தது எங்கே போகிறது என்று கேட்காமல் இருப்பதும் தவறுதான். ஆஸ்திரேலியாவில் சூப்பர்மார்க்கெட்டுகளில் பெட்டி வைத்துச் சேகரித்த ரெட்சைக்கிள் திட்டம் 2022 நவம்பரில் நிறுத்தப்பட்டது. மக்கள் நம்பிக் கொடுத்த கவர்கள் ஆயிரக்கணக்கான டன் அளவில் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தன. யார் வாங்குகிறார்கள், அதில் என்ன செய்கிறார்கள் என்று மையத்தில் தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்களால் பதில் சொல்ல முடியும்.

பெட்டி நிரம்பியிருந்தால் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு வராதீர்கள். காற்றில் பறந்து சாக்கடைக்குப் போகும், மழை வந்தால் நனைந்து வீணாகும். வீட்டுக்கே திரும்ப எடுத்துவந்து அடுத்த முறை கொடுங்கள்.