நீளம் மாறினாலும் நடுவிலேயே நிற்கும் துளை: கேட் வரைவில் முதல் பயிற்சி

கணினியில் பொருள்களை வரைந்து வடிவமைக்க உதவும் கேட் (CAD) மென்பொருளில் கோடு போடுவது எளிது. போட்ட கோடுகளை ஒன்றோடொன்று கட்டி வைப்பதைத்தான் பழக வேண்டும். அதற்கு ஒரு சிறு தகடு போதும்: 60 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன், நடுவில் 10 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளில் வரைவோம்.

படி 1: புதிய கோப்பைத் திறந்து, பார்ட் டிசைன் பகுதிக்குச் செல்லுங்கள். ஒரு பாடி (நாம் செய்யப்போகும் திடப்பொருள்) உருவாக்கி, எக்ஸ்-ஒய் தளத்தில் ஸ்கெட்ச் (தட்டையான வரைபடம்) தொடங்குங்கள்.

படி 2: அச்சுகள் இரண்டும் வெட்டும் ஆதிப்புள்ளி உள்ளே வரும்படி ஒரு செவ்வகமும், அதற்குள் ஒரு வட்டமும் வரையுங்கள். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். மூலைகளும் வட்டத்தின் மையமும் அச்சுகளில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது மவுஸால் இழுத்துப் பாருங்கள், எல்லாம் நகரும். செவ்வகம் இரு திசைகளில் நகரலாம், நீள அகலம் மாறலாம். வட்டமும் இரு திசைகளில் நகரலாம், ஆரம் மாறலாம். மொத்தம் 7 வழிகள். இந்த ஏழையும் அடைப்பதுதான் நம் வேலை.

படி 3: செவ்வகத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டையும், பிறகு ஆதிப்புள்ளியையும் தேர்ந்தெடுத்து, சமச்சீர் கன்ஸ்ட்ரெய்ன்ட் (கட்டு) கொடுங்கள். 2 வழிகள் அடைபட்டன. வட்டத்தின் மையத்தை ஆதிப்புள்ளியோடு இணையுங்கள். இன்னும் 2 போயின.

இங்கே கொஞ்சம் நிற்போம். கோடுகளை இப்படிக் கட்டி வைக்கும் யோசனை 1963-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக வரைந்துவிட்டு, ‘இந்தக் கோடுகள் இணையாக இருக்கட்டும், இவை சம நீளமாகட்டும்’ என்று கட்டளையிட்டால், கணினியே வரைபடத்தைத் திருத்தியது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் சாதனை இது. அதற்குப் பின் 1982-ல் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருள் வந்து, தனிநபர் கணினியை வரைபலகை ஆக்கியது. ஆனால் அதில் கோடுகள் வெறும் கோடுகளாகவே இருந்தன; இத்தகைய கட்டுகள் 2010 பதிப்பில்தான் சேர்ந்தன. அளவை மாற்றினால் வடிவமே மாறும் முப்பரிமாண முறையை 1980களின் இறுதியில் பரவலாக்கியது புரோ-இன்ஜினியர் என்ற மென்பொருள்.

படி 4: நீளம் 60, அகலம் 40, விட்டம் 10 என்று அளவுகள் கொடுங்கள். மீதி 3 வழிகளும் அடைபட, ஸ்கெட்ச் பச்சையாகும். மூடிவிட்டு, ஸ்கெட்சுக்குத் தடிமன் தரும் பேட் கருவியில் 5 மி.மீ. கொடுங்கள். உள்ளே இருக்கும் வட்டம் தானாகவே துளையாகிவிடும்.

படி 5: ஸ்கெட்சைத் திறந்து 60-ஐ 90 ஆக்குங்கள். தகடு நீளும், துளை நடுவிலேயே நிற்கும். பிறகு சமச்சீர் கட்டை மட்டும் அழித்துவிட்டு, செவ்வகத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பாருங்கள். வட்டம் ஆதிப்புள்ளியிலேயே நிற்க, செவ்வகம் அதை விட்டு விலகிப் போகும்.